கட்டைவிரல் சோதனை

கைப்பிடிச் சுவருக்கு மேல் பாதி உடம்பைச் சாய்த்து, கழுத்தை நீட்டி, எதிரில் நின்ற படகின் தூணை உற்றுப் பார்த்தார் பக்தவத்சலம். பின்னாலிருந்து மகன் எழில் அவருடைய ஸ்வெட்டரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தான். கீழே ஏரி உறைந்து கிடந்தது. விழுந்தால் மூழ்க வழியில்லை. மண்டைதான் உடையும்.

“நைனா, போதும். எல்லாரும் பாக்கறாங்க.”

“பாத்துட்டுப் போறான். நீ ஒழுங்கா புடி.”

கல் படகு என்று அதற்குப் பெயர். இரண்டு அடுக்கு. நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே இடத்தில் நிற்கிறது. வெள்ளைக் கல்லில் இழைத்த மாதிரி இருந்த மேல்மாடத்தில் ஒரு தூணின் அடியில் மட்டும் பெயிண்ட் பொரிந்திருந்தது. பொரிந்த இடத்தில் மரத்தின் ரேகை தெரிந்தது. பக்தவத்சலத்துக்கு அது போதும். மூக்கிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“மரம்” என்றார். “மரத்துக்கு வெள்ளையடிச்சு கல்லுன்றான். இதப் பாக்க ரெண்டு பிளேன் மாறி வந்துகீறோம்.”

மருமகள் லாவண்யா அறிவிப்புப் பலகையில் இருந்த ஆங்கிலத்தைப் படித்துவிட்டு, ஆமாம் மாமா, அடித்தளம் மட்டும்தான் கல், மேலே மரம் என்று இதிலேயே போட்டிருக்கிறார்கள் என்றாள். அவருக்கு முகம் வாடியது. திருடன் தானாக வந்து ஒப்புக்கொண்டால் போலீஸ்காரருக்கு என்ன வேலை? பலகையை அவள் படிப்பதற்கு முன்பே தான் சொல்லிவிட்டதை எல்லோரும் கேட்டார்களா என்று விசாரித்தார். ஆறு வயதுப் பேத்தி ரோஷினி மட்டும் கேட்டதாகச் சொன்னாள். மனைவி லோகநாயகி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்தவத்சலம் ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வார்ப்பிலிருந்து வரும் இரும்புப் பாகத்தைக் கையில் எடுத்து அதில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கோளாறு இல்லாத பாகத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கோளாறு இருந்தால் சிவப்பு பெயிண்ட் டப்பாவில் பிரஷ்ஷை முக்கி ஒரு பெருக்கல் குறி போடுவார். அப்படிக் குறி போட்டவை எத்தனை ஆயிரம் என்று அவரிடம் கணக்கு உண்டு. அவற்றில் எத்தனையை மேலதிகாரிகள் பிறகு நல்லது என்று துடைத்துவிட்டு அனுப்பினார்கள் என்ற கணக்கு இல்லை. ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தாலும் வேலை முடியாது. தோசையின் ஓரம், எழிலின் மதிப்பெண், எழிலுக்குப் பார்த்த பெண், பெண்ணின் அப்பா, ஓய்வுக்குப் பிறகு திருவேற்காட்டில் வாங்கிய ஃபிளாட்டின் தரை. அந்தத் தரையில் ஒவ்வொரு டைல்ஸாக உட்கார்ந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இருக்கும் டைல்ஸ்களில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவைத்தார். கட்டியவன் வந்து பார்க்கவில்லை. குறிகளை லோகநாயகி ஒரு வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது அழித்தாள்.

எழில் பெய்ஜிங்கில் ஒரு கார் கம்பெனியின் மென்பொருள் பிரிவில் இருக்கிறான். நவம்பர் கடைசியில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டான். வருகிற புதன்கிழமை இருவரும் திரும்புவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. லோகநாயகிக்குத் திரும்ப மனமில்லை. விசாவில் இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல அவள் பத்து நாளாக முயன்றாள். “ஏங்க, ஒரு விஷயம்” என்று அவள் ஆரம்பித்தால் அவர் எழுந்துவிடுவார். ஊரில் என்றால் மோட்டாரை நிறுத்த மாடிக்குப் போவார். இங்கே பால்கனிக்குப் போக முடியாது, குளிர். எனவே கழிவறைக்குப் போனார். பத்து நாளில் பதினேழு முறை போனார். லாவண்யா அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று கணவனிடம் கேட்டாள்.

எழிலுக்கு விஷயம் தெரியும். காலையில் இட்லி சாப்பிடும்போது யார் முகத்தையும் பார்க்காமல், டிக்கெட் தேதி மாற்றுவதென்றால் இன்று இரவுக்குள் மாற்ற வேண்டும், அப்புறம் முடியாது என்றான். பக்தவத்சலம் இட்லி கல் மாதிரி இருக்கிறது என்றார்.

தனியாக விமானம் ஏறுவதற்கு அவர் அஞ்சவில்லை. திருவேற்காட்டில் அறுபத்து நாலு வீடு உள்ள குடியிருப்பின் வாசலில் தனியாக இறங்க வேண்டுமே, அதுதான். அடுத்த வாரம் பொங்கல். கீழே பொதுவில் பொங்கல் வைப்பார்கள். பானையில் அரிசி போடுவது வருஷா வருஷம் லோகநாயகி. கோலப் போட்டிக்கு நடுவர் இவர். முப்பது கோலத்திலும் குற்றம் கண்டுபிடித்து, கடைசியில் குற்றம் குறைவான ஒன்றுக்கு வேண்டாவெறுப்பாகப் பரிசு கொடுப்பார். சங்கச் செயலாளர் நடேசன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “அண்ணாத்தே, அண்ணி எங்க? சைனாவுலயே வுட்டுட்டு வந்துட்டியா?” என்று கேட்பான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முப்பது பெண்களும் சிரிப்பார்கள். அவர்கள் பத்து வருஷமாக அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

அன்று பார்க்க வந்த அரண்மனைக்குப் பெயர் கோடை அரண்மனை. அதைச் சொல்லியே அவர் காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார். ராஜா கோடையில் வந்து இருந்த இடத்துக்கு ஜனவரியில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் பிள்ளை. மைனஸ் ஒன்பது என்று எழிலின் போன் சொன்னது. மகன் வாங்கி வைத்திருந்த கனத்த ஜாக்கெட்டை அவர் தொடவில்லை. பஞ்சு மூட்டை என்றார். தொழிற்சாலையில் கொடுத்த ஆலிவ் பச்சை ஸ்வெட்டர், மங்கி கேப், கழுத்தில் துண்டு. ஜபல்பூரில் ஆறு மாதம் பயிற்சிக்குப் போனவர் அவர். அங்கே விடியற்காலையில் வாளித் தண்ணீரில் பனி ஆடை கட்டியதைப் பார்த்தவர். குளிரைப் பற்றி யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். வாசலில் இருந்து நூறு அடி நடப்பதற்குள் உதடு நீலமாகிவிட்டது. எழில் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தான். அதை மட்டும் வாங்கிக்கொண்டார். பிள்ளையின் கை குளிரட்டும் என்று இல்லை, யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பார்த்தது ஏரி. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளைப் பாறை மாதிரி உறைந்திருந்தது. ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அதன்மேல் திரிந்தார்கள். அடியில் இரும்புச் சட்டம் வைத்த நாற்காலிகளில் உட்கார்ந்து, இரண்டு குச்சியால் தள்ளித் தள்ளிப் போனார்கள். பக்தவத்சலம் கரையில் குந்தி விரல் முட்டியால் பனியைத் தட்டினார். ஓரிடத்தில் வெள்ளை வெடிப்பு ஓடியது. இது தாங்காது என்று சொல்லிவிட்டார். யாரும் இறங்கக் கூடாது. எழில், ஒரு லாரியே நிற்கும் நைனா என்றான். லாரி நிற்கும், நீ நிற்கமாட்டாய் என்றார். இந்தத் தர்க்கத்தில் எழில் மாட்டிக்கொண்டு விழித்த நேரத்தில் லோகநாயகி ரோஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டாள்.

மகனின் பழைய ஜாக்கெட், அதற்குக் கீழே புடவை, புடவைக்குக் கீழே லாவண்யாவின் கம்பளிக் கால்சட்டை, ஷூ. அந்தக் கோலத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, குச்சியை ஊன்றித் தள்ளினாள். நாற்காலி சுற்றியது. எதிரில் வந்த ஒரு சீனக் கிழவியின் நாற்காலியில் முட்டியது. இரண்டு பேரும் வாயைத் திறந்து சிரித்தார்கள். கரையிலிருந்து பக்தவத்சலம் மனைவியின் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். அங்கே ஒரு பல் இல்லை. எப்போது போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. பனி உடைவதற்காகக் கால்மணி நேரம் காத்திருந்தார். உடையவில்லை.

அடுத்தது நீளக் கூடம். முக்கால் கிலோமீட்டர் தூரத்துக்குக் கூரை போட்ட நடைபாதை, உத்தரம் உத்தரமாக ஓவியம். ஓவியம் பழசில்லை, மேலே மேலே புதுசாக எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். மாங்காடு கோயில் பக்கம் சாமி படம் எழுதுகிறவனைக் கூட்டி வந்தால் இதைவிட நன்றாக எழுதுவான் என்றார். பிறகு படகு. அந்த இடத்தின் கதையை எழில் சொன்னான். கப்பற்படைக்கு ஒதுக்கியதை எடுத்து ராஜமாதா இந்தத் தோட்டத்தைப் புதுப்பித்ததாகச் சொல்வார்களாம். பக்தவத்சலத்துக்கு இன்று கிடைத்த முதல் சந்தோஷம் அது.

“படைக்கு வெச்சிருந்தத எடுத்து, நவுராத கப்பல் கட்டிகினா. அதுவும் மரத்துல. நான் இருந்திருந்தா ஒரே இன்ட்டு.”

சிவப்பு பெயிண்ட் இல்லாததால் காற்றில் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார்.

அந்த உற்சாகத்தில்தான் மலை ஏறச் சம்மதித்தார். மலைச் சரிவில் ஒரு முற்றத்தில் சின்ன மண்டபம் நின்றது. தூண், உத்தரம், ஜன்னல் சட்டம், கூரை ஓடு, எல்லாம் மரவேலை மாதிரி இருந்தது. நிறம் மட்டும் கருத்த பச்சை. லாவண்யா பலகையைப் படித்து, இது முழுக்க வெண்கலம் மாமா, மரம் ஒரு துண்டு கிடையாதாம் என்றாள்.

பக்தவத்சலம் மெல்லச் சிரித்தார். காத்திருந்தவரின் சிரிப்பு. கீழே மரத்தைக் கல் என்றவன் மேலே மரத்தை வெண்கலம் என்கிறான். பெயிண்ட்தான் வேறு. கூரை ஓடுகளை வெண்கலத்தில் வார்ப்பார்களா? வார்த்தால் இந்த எடையைத் தூண் தாங்குமா? வார்ப்பைப் பற்றி இந்த முற்றத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று மூன்று முறை சொன்னார். தட்டிப் பார்த்தார். கையுறையோடு தட்டியதில் சத்தம் வரவில்லை. கையுறையைக் கழற்றினார்.

வார்ப்பில் மயிரிழை விரிசலோ ஒட்டோ இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எச்சில் தொட்ட கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மற்ற இடம் காய்ந்த பிறகும் விரிசலில் ஈரம் நின்று கோடாகத் தெரியும். சாயம் பூசிப் பார்க்கும் கருவிகள் வந்த பிறகும் பக்தவத்சலம் இதை விடவில்லை. புதிதாக வந்த பொறியாளர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவர் நாக்கை நீட்டி விரலை நக்கிக் காட்டுவார். முப்பத்து நாலு வருஷம் ஆவடி வெயிலில் அந்த விரல் தவறு செய்ததில்லை.

தூணின் நிழல் பக்கம், அடியில், இணைப்பு மாதிரி தெரிந்த ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தார். வலது கட்டைவிரலை நாக்கில் தாராளமாக நனைத்து அழுத்தினார்.

தேய்க்க முடியவில்லை. விரல் நகரவில்லை. இழுத்தார். உள்ளே எலும்புவரை ஒரு சுரீர். விரல் தூணோடு உறைந்திருந்தது.

வெண்கலம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மரம் இப்படிப் பிடிக்காது.

ஒரு நிமிஷம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. குனிந்த நிலையிலேயே ஆழ்ந்து பரிசோதிப்பவர் போல நின்றார். லாவண்யா, மாமா இங்கே பாருங்கள் என்று படம் எடுத்தாள். பார்த்தார். சிரிக்கவும் செய்தார். சீனாக்காரர்கள் இருவர் நின்று, இந்தப் பெரியவர் என்ன பார்க்கிறார் என்று தாங்களும் குனிந்து பார்த்தார்கள். ரோஷினிதான் கிட்டே வந்து கையைத் தொட்டு இழுத்தாள்.

“அப்பா, தாத்தா கை ஒட்டிக்கிச்சு.”

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எழில் வந்து பார்த்துவிட்டு, இழுக்காதே நைனா, தோல் வந்துவிடும் என்றான். வெந்நீர் வேண்டும். படிக்கட்டுக்குக் கீழே கடை இருக்கிறது என்று ஓடினான். லாவண்யா ரோஷினியை இழுத்துக்கொண்டு காவலரைத் தேடிப் போனாள். சீனாக்காரர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். முற்றத்தில் கணவனும் மனைவியும் நின்றார்கள்.

லோகநாயகி பக்கத்தில் வந்து தூணைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க, ஒரு விஷயம்” என்றாள்.

அவர் உடம்பு பழக்கத்தில் ஒரு அடி எடுத்து வைத்தது. விரல் வரவில்லை.

“நான் புதன்கெழம வரல. மார்ச்சுல வரேன்.”

“மொதல்ல கையப் பாரு.”

“பாத்துகினுதான் கீறேன். எழில் வர்றதுக்குள்ள சொல்லிடறேன், நீங்க கேளுங்க.”

அவளுடைய தோள்பையில் பிளாஸ்க்கின் மூடி நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள். காலையில் அதில் வெந்நீர் ஊற்றியது அவள்தான். அவர் வெந்நீர் கேட்கவில்லை. கேட்டால் அவள் எடுக்க வேண்டிவரும், எடுத்தால் அவள் பேச்சு நிற்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் அவளிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. சொல்லித்தான் பழக்கம்.

“அவனுங்க உன்ன ஆயா வேலைக்கு இருக்கச் சொல்றானுங்க. அது கூடப் புரில உனக்கு.”

“அவங்க கேக்கவே இல்ல. நாந்தான் கேட்டேன். லாவண்யாவுக்கு மூஞ்சில ஈயாடல. நான் இருந்தா அவளுக்கும் தொல்லதான், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கேட்டேன்.”

“இங்க இன்னா கீது? இருவது பொம்பளைங்க கீழ நின்னு கைய கால ஆட்றாளுங்க. அதுக்கா?”

“அதுக்குத்தான்.”

காலை எட்டு மணிக்கு அடுக்குமாடிக்குக் கீழே ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு கிழவிகள் ஆடுவார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து லோகநாயகியும் கடைசி வரிசையில் நின்றாள். ஜன்னலிலிருந்து பார்த்து அவள் கை எங்கெங்கே தப்பாகப் போகிறது என்று அவர் மதியச் சாப்பாட்டில் தினமும் சொல்வார்.

“அங்க யாரும் எனக்கு நொட்ட சொல்றதில்ல” என்றாள். “சொன்னாலும் எனக்குப் புரியாது. நல்லா கீது அது.”

“பொங்கலுக்கு யாரு பானை வெப்பா?”

“யாராச்சும் வெப்பாங்க. பொங்காம பூடுமா?”

“நடேசன் கேட்டா நான் இன்னான்னு சொல்றது?”

லோகநாயகி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். அவளுக்கு அவர்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஆள் வழி கேட்டால் சொல்கிற முகம்.

“என்ன ரிஜெக்ட் பண்ணிட்டு வந்தேன்னு சொல்லுங்க. உடனே நம்புவான்.”

விரலில் இப்போது வலி இல்லை. வலி இல்லாதது நல்லதில்லை என்று அவருக்குத் தெரியும். ஜபல்பூரில் யாரோ சொன்னது. படிக்கட்டில் எழிலைக் காணவில்லை. ஒரு காவலர் தூரத்தில் கையை வீசிக் கத்திக்கொண்டு வந்தார். ராஜாவின் தூணைத் தொட்டதற்காக அவர் கத்தினார் போலும்.

“இன்னாவோ பண்ணித் தொல” என்றார் பக்தவத்சலம்.

“இன்னாவோன்னா?”

“எழில்கிட்ட சொல்லு. தேதிய மாத்தச் சொல்லு.”

அவள் பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியில் கொஞ்சம் ஊற்றி, குழந்தைப் பாலுக்குப் பார்க்கிற மாதிரி தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். பிறகு விரலும் தூணும் சேர்ந்த இடத்தில் மெதுவாக ஊற்றினாள். ஆவி எழுந்தது. இரண்டாவது மூடி ஊற்றியதும் விரல் விடுபட்டது. மிளகளவு தோல் தூணில் தங்கியது. காவலர் வந்து தூணைத் துடைத்துப் பார்த்து, கீறல் விழவில்லை என்று உறுதி செய்துகொண்டார். விரலை அவர் பார்க்கவில்லை.

எழில் காகிதக் கோப்பையில் வெந்நீரோடு மூச்சு வாங்க ஏறி வந்தான். விரல் விடுபட்டதைப் பார்த்தான், அம்மா கையில் பிளாஸ்க்கைப் பார்த்தான். அது அவளிடம் இருந்தது தெரிந்திருந்தால் தான் ஓடியிருக்க வேண்டாமே என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் கோப்பை வெந்நீரைத் தானே குடித்தான்.

“வெண்கலந்தான்” என்றார் பக்தவத்சலம். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு லோகநாயகி கீழே போனாள். ஒன்பதரைக்கு ஒரு கட்டுக் கீரையோடு வந்தாள். எழிலும் லாவண்யாவும் ஆபீஸ் போயிருந்தார்கள். ரோஷினி பள்ளிக்கூடம் போயிருந்தாள். பதினொரு மணிக்கு எழில் போன் செய்து, நேற்று ராத்திரி கேட்டது உறுதியாகிவிட்டது, அம்மா டிக்கெட் மார்ச் இருபத்தாறுக்கு மாறிவிட்டது என்றான். பக்தவத்சலம் பெரிய பெட்டியைத் திறந்து தன் துணிகளைச் சின்னப் பெட்டிக்கு மாற்றினார். கட்டைவிரலில் கட்டு இருந்ததால் ஜிப்பை இடது கையால் இழுத்தார். மதியம் கீரைக் கூட்டும் ரசமும். இரண்டு முறை சாதம் வாங்கிக்கொண்டார். மூன்று மணிக்குத் திருவேற்காட்டுக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை காலை வந்துவிடுவதாகவும் கோலப் போட்டிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படியும் நடேசனிடம் சொன்னார். வெளியே மைனஸ் ஏழு. ஐந்து மணிக்கு இருட்டியது.